தைப் பனியில் காயாத நெல்

தமிழ்நாட்டில் குளிர்காலச் செய்தி என்றால் ஊட்டியில் புல்வெளி மீது படிந்த உறைபனியின் படமும் கொடைக்கானலில் கம்பளி போர்த்திய சுற்றுலாப் பயணிகளின் படமும்தான் நாளிதழ்களில் இடம்பெறும். காவிரிப் படுகையின் குளிரை யாரும் படம் எடுப்பதில்லை. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் தை மாத விடியற்காலையில் வெப்பமானி பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை காட்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் கடலின் வெதுவெதுப்பால் அது இன்னும் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். டெல்லியில் வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் இதைக் குளிர் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. ஆனால் இந்த மிதமான குளிரும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் ஈரமும் ஒரு வாரத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் பகுதியில் ஓராண்டின் வரவு செலவு முடிவாகிறது. ஆவணியில் விதைத்த நீண்டகால நெல்லான சம்பா முற்றி நிற்கும் மாதம் இது.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இந்த நாட்களில் வயலுக்குப் போகும் வழியில் யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிப்பதற்கு முன்பே வானத்தைப் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. கைப்பேசியில் வானிலை வரைபடங்களைப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு என்பதால் என்னிடம் அந்தக் கேள்வி சற்று அதிகமாகவே வருகிறது. எல்லோரும் கேட்பது, வரும் வாரத்தில் மழை உண்டா இல்லையா என்பதைத்தான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்தக் கேள்வி போதுமானது. தையில் அது போதாது. தையில் கேட்க வேண்டியது, அடுத்த ஏழு நாட்களில் எத்தனை மணி நேரம் நெல் காயும், அந்த மணி நேரங்கள் அடுத்தடுத்த நாட்களில் கிடைக்குமா, விட்டு விட்டுக் கிடைக்குமா என்பதுதான்.

இதற்குக் காரணம் பனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வானம் தெளிந்துவிடுகிறது. மேகம் இல்லாத இரவில் நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தைத் தடையின்றி வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். மழையில் நனைந்து ஊறிய வயலும், வாய்க்காலிலும் குளத்திலும் நிற்கும் நீரும் காற்றுக்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. காற்று அசையாமல் நின்றுவிட்டால், நள்ளிரவுக்குப் பிறகு தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, தன்னால் தாங்க முடியாத ஈரத்தை இலையிலும் கதிரிலும் வைக்கோல் போரிலும் இறக்கி வைத்துவிடுகிறது. ஈரம் மிகுந்த நாட்களில் அதுவே தரையோடு தவழும் மூடுபனியாகி, நீடாமங்கலம் சாலையில் காலை ஏழரை மணிக்கும் பேருந்துகள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வரும்படி செய்கிறது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே சாதாரணம். வெயில் ஏறி அந்த ஈரம் விலகுவதற்குப் பத்து மணியாகிவிடும். பனி கனத்த நாளில் பதினொரு மணியும் ஆகும். மாலை ஐந்து மணிக்கெல்லாம் மறுபடியும் காற்றில் ஈரம் ஏறத் தொடங்கும். ஆக, வறண்ட வானிலை என்று அறிவிக்கப்பட்ட நாளிலும் நெல்லுக்குக் கிடைப்பது ஆறு மணி நேரத்துக் காய்ச்சல்தான்.

ஆண்டிலேயே பகல் மிகக் குறைந்திருப்பது டிசம்பர் 21, 22 தேதிகளில், அதாவது மார்கழியின் முதல் வாரத்தில். ஆனாலும் பனி உச்சத்துக்கு வருவது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். மார்கழியின் முற்பகுதியில் பருவமழையின் மேகம் இன்னும் மிச்சம் இருக்கும்; மேகம் இரவுக்குப் போர்வையாக இருந்து குளிரைத் தடுத்துவிடும். அது விலகிய பிறகுதான் இரவு முழுமையாகக் குளிர்கிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் வரிசைப்படுத்தியது இந்தக் காரணத்தோடு சரியாகவே பொருந்துகிறது.

அறுவடை முடிந்த நெல் இப்போது களத்துக்குப் போவது குறைவு. களங்கள் சுருங்கிவிட்டன, சாலையோரம்தான் களம். இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல்லில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது வழக்கம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வைத்திருக்கும் ஈரப்பதமானி 17 விழுக்காட்டுக்குள் காட்டினால்தான் எடை போடுவார்கள். மழைக் காலங்களில் இந்த வரம்பைத் தளர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசைக் கேட்பதும், தளர்வு வருவதற்குள் நெல் பல நாட்கள் குவியலாகக் கிடப்பதும் படுகையில் பழகிப்போன காட்சிகள். ஈரம் 22 ஆக இருக்கும் நெல்லை 17க்குக் கொண்டுவர நல்ல வெயிலில் இரண்டு பகல் தேவைப்படும். நடுவில் ஒரு நாள் மேகமூட்டமாகப் போய்விட்டால் மூன்று பகல், அதற்கு மேலும் ஆகலாம்.

குவியலை இரவில் தார்ப்பாயால் மூடுவார்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாலையில் மூடும்போது நெல்லில் பகல் வெயிலின் சூடு மிச்சமிருக்கிறது. அந்தச் சூடு உள்ளேயிருந்து ஈரத்தை மேலே அனுப்ப, பனியில் குளிர்ந்துபோன தார்ப்பாயின் அடிப்புறத்தில் அது முத்து முத்தாக வியர்த்து நிற்கும். காலை ஏழு மணிக்குத் தார்ப்பாயை ஓர் ஓரமாகத் தூக்கிப் பார்த்தால், அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடி, மேல் அடுக்கு நெல்லின் மீது சொட்டுவதைக் காணலாம். கையை உள்ளே விட்டால் அடி நெல் வெதுவெதுப்பாகவும் உலர்ந்தும், மேலே உள்ள நாலு விரல்கடை நெல் கசகசவென்றும் இருக்கும். அவசரப்பட்டு விடிந்ததும் தார்ப்பாயை எடுத்துவிட்டால் வெளியில் உள்ள பனியும் அதன்மேல் இறங்கும். வெகு நேரம் எடுக்காமல் விட்டாலோ உள் ஈரம் நெல்லைப் பழுக்க வைத்துவிடும். எங்கள் தெருவில் அனுபவம் உள்ள பெண்கள் ஒன்பதரை, பத்து மணி வரை காத்திருந்து, தார்ப்பாயை உருவி, உட்புறம் வெயிலில் படும்படி திருப்பிப் போட்டுவிட்டு, பிறகே நெல்லைப் பரப்பிக் காலால் துழாவி விடுகிறார்கள். ஒரு நெல்மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்த்து, நறுக்கென்று உடைகிறதா நசுங்குகிறதா என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வதற்கும் ஈரப்பதமானி சொல்வதற்கும் பெரிய வேறுபாடு இருந்து நான் பார்த்ததில்லை.

வானிலை அறிக்கையை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அன்றாட அறிக்கையில் பயன்படும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஓரிரு இடங்களில் மழை என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம் என்று பொருள். ஒருசில இடங்களில் என்றால் கால் பங்குக்கு மேல் பாதி வரை. அநேக இடங்களில் என்றால் பாதிக்கு மேல் முக்கால் பங்கு வரை. பெரும்பாலான இடங்களில் என்றால் அதற்கும் மேல். மழையின் அளவிலும் அப்படியே. 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் லேசான மழை, 64.4 வரை மிதமான மழை, 64.5 தொடங்கிக் கன மழை, 115.6 தொடங்கி மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. அந்த 24 மணி நேரக் கணக்கு காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் எட்டரை மணி வரை.

மழையளவை வைத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்டங்களுக்கு நிறம் ஏற்றுவது கன மழையிலிருந்துதான் தொடங்குகிறது. உயிரையும் உடைமையையும் வெள்ளத்திலிருந்து காப்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. ஐப்பசியில் அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. ஆனால் தையில் அந்த நிறங்களை நம்பி உட்கார்ந்திருந்தால் போதாது. வெறும் பத்து மில்லிமீட்டர் மழை எந்த மாவட்டத்துக்கும் நிறம் ஏற்றாது. எந்தத் தொலைக்காட்சியிலும் முக்கியச் செய்தியாக ஓடாது. அந்தப் பத்து மில்லிமீட்டர் முற்றிய கதிரின் மேல் விழுந்தால் தாள் கனம் தாங்காமல் சாயும். வயல் சொதசொதத்துவிடும், டயரில் ஓடும் அறுவடை வண்டி இறங்காது, பெல்ட்டில் ஓடும் வண்டிதான் வேண்டும், அதற்கு வாடகை கூடுதல், நேரமும் கூடுதல். சாலையில் பரப்பிய நெல்லில் விழுந்தாலோ இரண்டு நாள் காய்ச்சல் அப்படியே வீண். சாய்ந்த கதிர் ஈர மண்ணில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் கதிரிலேயே முளைவிடும். வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருக்கும் மாவட்டத்திலேயே இத்தனையும் நடக்கும். தையில் பச்சை நிறத்துக்குப் பொருள் ஆபத்தில்லை என்பதல்ல. வெள்ளம் வராது என்பது மட்டுமே.

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்ற பழமொழியை நம்பித்தான் சம்பாவின் நாட்காட்டியே இங்கே அமைந்திருக்கிறது. ஆவணியில் விதைக்கும் சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகம் ஏறத்தாழ 155 நாளில், மழை ஓய்ந்த தையில் அறுவடைக்கு வரும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும் மரபும் அதே கணக்குதான். புள்ளிவிவரப்படி பழமொழி பொய்யும் அல்ல. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாகச் சுமார் 44 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் பங்கு அதோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனால் சராசரி சிறியது என்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் சிறிதாகவே பெய்யும் என்பதில்லை. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை விலகியதாக அறிவிக்கப்பட்டதே 19ஆம் தேதிதான். பொங்கலுக்கு முன்னும் பின்னும் பெய்த மழையில் படுகை முழுவதும் கதிர் தண்ணீரில் கிடந்தது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில், இலங்கைக் கரையைக் கடந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அறுவடைக்குத் தயாராக நின்ற சம்பாவைச் சாய்த்துவிட்டுப் போக, பாதிக்கப்பட்ட நெற்பயிருக்கு எக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 7, 8 தேதிகளில் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கனமழை கொட்டியது.

இந்த மூன்று நிகழ்வுகளையும் வைத்துக்கொண்டு, பசிபிக் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா ஆண்டில் தை மழை வரும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2021, 2023 இரண்டும் லா நினா குளிர்காலங்கள்தான். ஆனால் 2024 ஜனவரியில் பசிபிக் கடலில் அதற்கு நேர்மாறாக, கடல் சூடேறும் எல் நினோ நிலவியது. பசிபிக் கடலின் வெப்பத்தை வைத்து ஒரு பருவத்தின் போக்கைப் பேசலாம். வரும் வியாழக்கிழமை மன்னார்குடியில் நெல் காயுமா என்று சொல்ல அது உதவாது. மார்கழியில் மேகம் ஓடும் திசையைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த பருவத்தின் மழையைக் கணிக்கும் கர்ப்போட்டக் கணக்கும் அத்தகையதே. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் அதைத் தவறாமல் பார்க்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தால் அவர்கள் நாள்தோறும் வானத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு மரியாதை உண்டு.

தை மழை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ஒரு வாரத்தின் முன்னோட்டத்தைப் படிப்பது எளிது. இந்தக் காலத்தில் மழை மேகக் கூட்டம் நிலநடுக்கோட்டை ஒட்டித் தெற்கே இறங்கிவிடும். வங்கக் கடலின் தென்மேற்கே, இலங்கைக்குக் கிழக்கே, அவ்வப்போது ஒரு கீழடுக்குச் சுழற்சியோ கிழக்குக் காற்றில் ஓர் அலையோ உருவாகி மேற்கு நோக்கி நகரும். பெரும்பாலானவை இலங்கைக்குத் தெற்கே குமரிக்கடல் பக்கம் போய்விடும். நமக்கு ஒரு நாள் மேகமூட்டத்தோடு கதை முடிந்துவிடும். ஏதாவது ஒன்று இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டிச் சற்று வடக்கே ஏறிவிட்டால் அதன் வட விளிம்பில் உள்ள ஈரக்காற்று நேராகக் கோடியக்கரைக்கும் வேதாரண்யத்துக்கும் வந்து மோதும். அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பிறகு நாங்கள். வரைபடத்தில் நூறு கிலோமீட்டர் வடக்கே போனதா தெற்கே போனதா என்பது ஒரு விரல்நுனி அகலம்தான். அந்த விரல்நுனி அகலத்துக்குள்தான் எங்கள் சம்பா இருக்கிறது.

ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் கணினி மாதிரியும் அமெரிக்கக் கணினி மாதிரியும் ஐந்து நாளுக்கு முன்பே அந்தச் சுழற்சி உருவாகும் என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகின்றன. அது எந்த வழியாகப் போகும் என்பதில்தான் அவை ஒன்றுக்கொன்று முரண்படும். மூன்று நாளுக்குள் நெருங்கும்போது முரண்பாடு குறையும். அதனால் பத்தாவது நாளில் கைப்பேசிச் செயலி காட்டும் மழைப் படத்தை நான் பொருட்படுத்துவதில்லை. இரு மாதிரிகளும் ஒத்துச் சொல்கிற முதல் நான்கு நாட்களை மட்டுமே வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்திய வானிலைத் துறை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் விவசாயிகளுக்காக வெளியிடும் வேளாண் வானிலை ஆலோசனை மேகதூத் செயலியில் தமிழிலேயே கிடைக்கிறது. மழை மட்டுமல்லாமல் காலை, மாலை ஈரப்பதத்தையும் மேகத்தின் அளவையும் காற்றின் திசையையும் அதில் தருகிறார்கள். காய்ச்சலைக் கணக்கிட மழை அளவைவிட அந்த மாலை ஈரப்பதமும் மேக அளவும் எனக்கு அதிகம் பயன்படுகின்றன. கடைசி இரண்டு மணி நேரத்துக்குக் காரைக்காலில் உள்ள டாப்ளர் ரேடார் படம் போதும். கடலிலிருந்து வரும் மேகக் கூட்டம் கரையைத் தொடுவதற்கு முன் தார்ப்பாயை இழுத்துப் போட அவகாசம் கிடைத்துவிடும்.

கருவி எதுவும் இல்லாமலே தெரிந்துகொள்ளக்கூடிய ஓர் அடையாளமும் உண்டு. தையில் ஒரு விடியலில் பனி இறங்காமல், தலையணை வியர்த்து, கொல்லை வாழையிலை காய்ந்து கிடந்தால் மகிழ வேண்டியதில்லை. இரவு மேகம் சூழ்ந்து தரையின் சூடு வெளியேறாமல் நின்றிருக்கிறது; வடக்கிலிருந்து வீசிய வாடைக்காற்று கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் ஆகியிருக்கிறது. அப்படிப்பட்ட காலைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் தூறலாவது போடும் என்று எதிர்பார்ப்பது தப்பாகாது. பனி கனத்த காலை நெல்லுக்கு நாலு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஆனால் அந்தப் பகல் வெயிலடிக்கும் என்பதற்கு அதுவே உறுதி.

இந்தப் பனி எல்லாப் பயிருக்கும் எதிரி அல்ல. சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன், வயலில் நீர் வடிந்து மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்கு நடுவே ஏக்கருக்குப் பத்துக் கிலோ அளவில் உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுவது படுகையின் பழைய வழக்கம். ஆடுதுறை 3 என்ற உளுந்து ரகம் இந்த நெல் தரிசுச் சாகுபடிக்குப் பெயர்போனது. அதற்குத் தண்ணீர் கட்டுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் தை, மாசிப் பனியிலுமே முளைத்து, பூத்து, காய்த்து, எழுபது, எழுபத்தைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடும். ஆக, ஒரே வயலில் மேலே நிற்கும் நெல்லுக்குப் பனி வேண்டாம். அடியில் முளைத்திருக்கும் உளுந்துக்குப் பனி வேண்டும். இரண்டுக்கும் வேண்டாதது மழை. விதைத்த பின் தண்ணீர் தேங்கினால் உளுந்து அழுகிவிடும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு, பெல்ட்டின் தடத்தில் இளங்கன்று நசுங்குகிறது என்று பலர் முன்விதைப்பைக் கைவிட்டுவிட்டார்கள். அறுவடைக்குப் பின் விதைத்தால் மண் ஈரம் போய்விடுகிறது. என் கணக்கில், படுகையின் உளுந்துப் பரப்பு சுருங்கியதில் வானிலையைவிட அந்த இயந்திரத்தின் எடைக்கே பங்கு அதிகம்.

இரண்டாம் போக நெல்லான தாளடி போட்டவர்களுக்குக் கவலை வேறு. அவர்களுடைய பயிர் இப்போதுதான் பால் பிடிக்கிறது. குளிர்ந்த இரவும் காலை வெகுநேரம் வரை காயாத இலையும் சேர்ந்தால் குலைநோய்ப் பூஞ்சைக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை. கதிரின் கழுத்துப் பகுதியைத் தாக்கிவிட்டால் மணி பிடிக்காமல் பதராகிவிடும். மேட்டூர் மூடும் நாளும் இதே நேரத்தில் வருவதால், கடைமடையில் தாளடிக்காரர்கள் ஒரு முறை தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்க, அடுத்த வரப்பில் சம்பாக்காரர் வயலை வடிய விட்டுக்கொண்டிருப்பார்.

வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களிலும் இப்போது இதே காத்திருப்புதான். மழைக்குப் பின் சேறு வாரிப் பாத்தி கட்டி உப்பு எடுக்கத் தொடங்கும் காலம். ஒரு நாள் மழை பெய்தால் பாத்தியில் ஏறியிருந்த உப்புச் செறிவு கரைந்து, வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இனி வரும் வாரம். இப்போது காற்று வடகிழக்கிலிருந்து மெதுவாக வீசுகிறது. காலையில் பனி கனமாக இருக்கிறது. பத்து மணிக்கு மேல் வானம் நீலமாகிவிடுகிறது. ஞாயிறு முதல் புதன் வரை இந்த நிலையே நீடிக்கும் என்பதில் இரு மாதிரிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதிகாலையில் லேசான பனிமூட்டம், பகலில் 29 டிகிரியை ஒட்டிய வெயில், இரவில் 21 டிகிரி. நெல்லுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு சுழற்சி உருவாவதை இரண்டு மாதிரிகளும் காட்டுகின்றன. ஐரோப்பிய மாதிரி அதைக் குமரிக்கடலுக்கு அனுப்பிவிடுகிறது. அமெரிக்க மாதிரி சற்று வடக்கே இழுத்து, வெள்ளி இரவும் சனிக்கிழமையும் கடலோரத்தில் லேசான மழையைக் காட்டுகிறது. என் கணிப்பில் முதலாவதுதான் நடக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் வியாழன் மாலையிலிருந்தே மேகம் வந்துவிடும் என்பதால், மழை வந்தாலும் வராவிட்டாலும் வெள்ளி, சனி இரண்டு நாளும் காய்ச்சலுக்கு உதவாது. முற்றிய சம்பா வைத்திருப்பவர்கள் திங்கள், செவ்வாய்க்குள் அறுத்து, புதனும் வியாழன் முற்பகலும் காய வைத்துவிடுவது நல்லது. கதிர் இன்னும் பச்சை மாறாமல் நிற்கும் வயலுக்கு அவசரம் வேண்டாம். நிற்கும் பயிருக்கு இந்த அளவு தூறலால் கெடுதல் இல்லை. உளுந்து தெளிக்க இருப்பவர்கள் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துப் பார்ப்பது நலம்.

நேற்று மாலை வாய்க்கால் மதகருகே பக்கத்து வயல்காரர் கேட்டார்: "தம்பி, வெள்ளிக்கிழமைக்கு வண்டி சொல்லியிருக்கேன். மழை கிழை ஒண்ணும் இல்லையே?"

"வெள்ளி வேண்டாம் பெரியப்பா. செவ்வாய்க்கே கேட்டுப் பாருங்க. பதினோரு மணிக்கு மேல வண்டிய எறக்கச் சொல்லுங்க, தாளுல பனி காயட்டும்."

"செவ்வாய்க்கு ஊரே கேக்குதாம்ப்பா, தரகர் சொல்றாரு."

இது ஒரு புதிய சிக்கல். முன்னறிவிப்பு எல்லோருடைய கைக்கும் வந்துவிட்டதால், எல்லோரும் ஒரே நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் வண்டிகள் ஓர் அளவுதான். வெள்ளிக்கிழமை மேகம் என்று தெரிந்த மறுகணமே செவ்வாயின் வாடகை ஏறிவிடுகிறது. கொள்முதல் நிலையத்திலும் அப்படித்தான். புதன், வியாழன் இரு நாளும் வரிசை நீளும். காய்ந்த நெல் எடை போடப்படாமல் வெள்ளிக்கிழமை மேகத்தின் கீழ்க் காத்திருக்கும். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் அறுவடைக்குத் தயாராக உள்ள பரப்பைக் கணக்கெடுத்து, காய்ச்சல் நாட்களை ஒட்டி வண்டிகளையும் சாக்கையும் பணியாளரையும் முன்கூட்டியே நகர்த்தினால் இதில் பாதி நெருக்கடி குறையும். அதற்குத் தேவையான தகவல் எல்லாம் ஏற்கெனவே அரசுத் துறைகளிடம் தனித்தனியே இருக்கிறது. பெரியப்பாவுக்குக் கடைசியில் திங்கள் பிற்பகலுக்கு ஒரு பெல்ட் வண்டி கிடைத்தது, டயர் வண்டியின் வேலைக்குப் பெல்ட் வண்டியின் வாடகையில். எங்கள் வயலுக்குச் செவ்வாய் என்று சொல்லியிருக்கிறார்கள், நேரம் சொல்லவில்லை.